வாசகர் கேள்வி – பதில்: திடலில் ஓடும் புல்வெட்டு வண்டியும் அதன் மணிக்கணக்கும்

(உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரங்களைப் பற்றிச் சில மாதங்களாகக் கேள்விகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் பெரிய துரையின் பங்களாவிலும் தோட்டக் கிளப்பிலும் மட்டுமே காணப்பட்ட வண்டி, இன்று பள்ளித் திடல், கோயில் வளாகம், குத்தகைக்காரர்களின் லாரி என்று எங்கும் வந்துவிட்டது. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.)

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளித் திடலுக்காக, நன்கொடையாளர் ஒருவரின் உதவியோடு பழைய புல்வெட்டு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதனுடன் வந்த கையேட்டில் சில வேலைகளை ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டும் என்றும், குளிர்காலம் தொடங்குமுன் வண்டியைத் தயார்செய்து உள்ளே நிறுத்திவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. குளிர்காலமே இல்லாத நம் மலேசியாவில் இதை எப்படிப் பின்பற்றுவது? வண்டியை ஓட்டும் பள்ளிக் காவலாளியோ, "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், கெட்டுப்போனால் பார்ப்போம்" என்கிறார்.
– பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவை உறுப்பினர், பகாவ்

பதில்: ஐயா, கையேட்டை எழுதியவர்கள் தங்கள் ஊர்ப் புல்லை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் புல் வசந்த காலத்தில் தலைதூக்கும். இலையுதிர் காலத்தில் அடங்கிவிடும். மீதி மாதங்களில் வண்டி கொட்டகையில் கிடக்கும். அவர்கள் 'ஆண்டுக்கு ஒரு முறை' என்று எழுதும்போது அந்த ஆண்டு உண்மையில் அரை ஆண்டுதான். நம் திடலில் இருக்கும் மாட்டுப்புல்லோ தைப்பூசத்திற்கும் ஓய்வதில்லை, தீபாவளிக்கும் ஓய்வதில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலைதோறும் இடியோடு மழை கொட்டும் வாரங்களில், திங்கட்கிழமை வெட்டிய திடல் அடுத்த திங்கட்கிழமைக்குள் கணுக்காலைத் தொட்டுவிடுகிறது.

உங்கள் வண்டி வாரத்திற்கு நான்கு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. இவ்வகை இயந்திரங்கள் பெரும்பாலானவற்றிற்கு 50 மணி நேரத்திற்கு ஒரு முறை, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை, இவற்றில் எது முந்தி வருகிறதோ அப்போது எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதே விதி. 'எது முந்தி வருகிறதோ' என்ற அந்தச் சிறு தொடரைத்தான் எல்லோரும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கணக்குப்படி 50 மணி நேரம் என்பது பன்னிரண்டு, பதின்மூன்று வாரங்களில் வந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு நான்கு முறை எண்ணெய் மாற்ற வேண்டும். ஆண்டுக் கணக்கை நம்பி ஒரே முறை மாற்றினால், நான்கு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒரே எண்ணெயின் தலையில் கட்டுகிறோம்.

எனவே காலண்டரைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பாருங்கள். இருக்கைக்கு முன்னால், ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை, ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதியதுபோல், தேதியையும் ஓடிய நேரத்தையும் காவலாளியே எழுதிவரலாம். ஓட்டுகிறவர் கையாலேயே எழுதுவது முக்கியம். வேறொருவர் எழுதும் கணக்கு இரண்டாம் மாதம் நின்றுவிடும்.

பழைய வண்டி என்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் எப்போது எண்ணெய் மாற்றினார் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் வேலையாக எண்ணெயை மாற்றிவிட்டு, அந்த நாளையே உங்கள் புத்தகத்தின் முதல் வரியாக வையுங்கள். இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓட்டி, எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால் அடியில் படிந்த அழுக்கும் சேர்ந்து இறங்கும். ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்திற்குப் பெரும்பாலும் 1.4 லிட்டர் அளவிலும், இரட்டைச் சிலிண்டருக்கு 1.9 லிட்டர் அளவிலும் எண்ணெய் பிடிக்கும். என்றாலும், வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவுக்குச்சியில் பார்த்த பிறகே கடைசிக் கால் லிட்டரை ஊற்றுங்கள். குறைவது எவ்வளவு தீங்கோ, கோட்டைத் தாண்டி நிறைவதும் அவ்வளவு தீங்கு. மிகையான எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் ஏறி, வெள்ளைப் புகையாக வெளியே வரும்.

எந்த எண்ணெய் என்று கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பட்டறைக்குப் போய் 'மின்யாக் ஹித்தாம்' (இயந்திர எண்ணெயைக் குறிக்கும் மலாய்ச் சொல்) என்று கேட்டால் கைக்கு எட்டிய புட்டியைக் கொடுப்பார்கள். காற்றால் குளிரும் இந்தச் சிறு இயந்திரங்களுக்கு, நம்மைப்போன்ற வெப்ப நாட்டில் எஸ்.ஏ.இ. 30 என்ற ஒற்றைத் தர எண்ணெய் நன்றாகப் பொருந்தும். 10டபிள்யூ-30 என்ற பலதர எண்ணெயை ஊற்றலாம் என்றாலும், வெப்பநிலை 27 பாகையைத் தாண்டினால் எண்ணெய் செலவாவது கூடும் என்று இயந்திரம் செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். பகாவில் பகல் பதினொரு மணிக்கு 27 பாகையை எங்கே போய்த் தேடுவது? அதை ஊற்றியிருந்தால் ஒவ்வொரு முறை ஓட்டுமுன்னும் அளவுக்குச்சியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பல வண்டிகளில் எண்ணெய் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கே கிடையாது. காவலாளி ஐயா சொல்லும் 'ஓடுகிற வரைக்கும்' என்பது அப்படிப்பட்ட வண்டிகளில் ஒரே நாளில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முடிந்துவிடும்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். முந்திய தலைமுறை செய்ததுபோல் கறையானுக்காக வேலிக்காலில் பூசவும் வேண்டாம். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி, பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டைக் கொண்ட அட்டவணைக் கழிவு, அதாவது கண்ட இடத்தில் கொட்டக் கூடாத ஆபத்தான கழிவு. பழைய புட்டியிலேயே அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது காற்று வடிகட்டி. தோட்டச் சாலையின் செம்மண் தூசியில் ஓடும் வண்டிக்கு இதுவே உயிர். 25 மணி நேரத்திற்கு ஒரு முறை திறந்து பாருங்கள். வறண்ட வாரங்களில் அதற்கு முன்பே பாருங்கள். வெளியே சுற்றியிருக்கும் பஞ்சு உறையைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். உள்ளே இருக்கும் காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது. காற்றுக் குழாயால் ஊதவும் கூடாது. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால், அதன் வழியாகப் போகும் மண் சிலிண்டரை உள்ளிருந்து தேய்க்கும். மேசையில் மெல்லத் தட்டிப் பார்த்து, அழுக்கு போகாவிட்டால் புதியது வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்கை 100 மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்றுவது போதும்; பல இயந்திரங்களுக்கு இடைவெளி 0.76 மில்லிமீட்டர்.

பெட்ரோல் விஷயத்தில் தோட்டப்புறங்களில் ஒரு தவறு மீண்டும் மீண்டும் நடக்கிறது. தோளில் மாட்டி வெட்டும் இயந்திரங்களில் பல, 2டி எண்ணெய் (இரு வீச்சு இயந்திரத்துக்கான எண்ணெய்) கலந்த பெட்ரோலில் ஓடும் ரகம். அதே கலனில் மிச்சம் இருப்பதைப் புல்வெட்டு வண்டியிலும் ஊற்றிவிடுகிறார்கள். புல்வெட்டு வண்டி நான்கு வீச்சு இயந்திரம். அதற்குக் கலக்காத பெட்ரோல்தான். கலந்ததை ஊற்றினால் புகையும், பிளக் கரிபிடிக்கும். கலக்காததைத் தோள் இயந்திரத்தில் ஊற்றினால் அதன் பிஸ்டன் ஒரே நாளில் இறுகிவிடும். இரண்டு கலன்களுக்கும் இரண்டு நிறத்தில் சாயம் அடித்துவிடுங்கள்.

கையேடு சொல்லும் 'குளிர்காலம்' உங்கள் பள்ளிக்கு ஒரு முறை வருகிறது: ஆண்டு இறுதி விடுமுறை. பெட்ரோல் 30 நாள்களிலேயே பழசாகத் தொடங்கிவிடுகிறது. கார்புரேட்டருக்குள் அது பிசினாகப் படிந்தால், பள்ளி திறக்கும் வாரத்தில் வண்டி கிளம்பாது. விடுமுறையில் ஒருவரும் திடலைத் தொடப்போவதில்லை என்றால், பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, இயந்திரம் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, தொட்டியையும் காலிசெய்து நிறுத்துங்கள்.

கேள்வி: மூன்று தோட்டங்களில் புல் வெட்டும் குத்தகை எடுத்திருக்கிறேன். சில வாரங்களாக, வெட்டிய இரண்டாம் நாளே புல்நுனி பழுத்துப் பழுப்பாகத் தெரிகிறது. திடலில் படிக்கட்டுபோல் வரிவரியாக ஏற்ற இறக்கமும் இருக்கிறது. கிளப்பில் இதைச் சொல்லிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கத்தியைப் புதிதாக மாற்ற வேண்டுமா?
– குத்தகைக்காரர், கிம்மாஸ்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. பழுப்பு நுனி கத்தியின் குற்றம். படிக்கட்டு பெரும்பாலும் கத்தியின் குற்றமல்ல.

முதலில் படிக்கட்டைப் பார்ப்போம். எதையும் கழற்றுவதற்கு முன்னால் நான்கு சக்கரங்களின் காற்றைப் பாருங்கள். கத்திகளை மூடியிருக்கும் கவிழ்த்த தட்டு, அதாவது டெக், வண்டியின் உடலிலிருந்து தொங்குகிறது. ஒரு பக்கச் சக்கரம் சப்பினால் டெக்கும் அந்தப் பக்கம் சாயும். பல சிறு வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் 14 பி.எஸ்.ஐ., பின்சக்கரத்தில் 10 பி.எஸ்.ஐ. என்ற அளவில்தான் காற்று வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பழக்கத்தில் 30 வரை அடித்துவிட்டு, வண்டி குதிக்கிறது, வெட்டு ஒழுங்காக இல்லை என்று என்னிடம் வந்தவர்கள் பலர். காற்றைச் சரிசெய்த பிறகு, வண்டியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கத்தி நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை இடமும் வலமும் அளந்து பாருங்கள். வேறுபாடு 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை தாழ்ந்திருப்பதே பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. அப்போதுதான் கத்தி ஒரே புல்லை இரண்டு முறை தொடாது. உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

இனி பழுப்பு நுனி. கூர் மழுங்கிய கத்தி புல்லை அறுப்பதில்லை, அடித்துப் பிய்க்கிறது. பிய்ந்த நுனி நார்நாராகி வெயிலில் கருகுகிறது. ஒரு புல்லை எடுத்து உற்றுப் பாருங்கள், உங்களுக்கே புரிந்துவிடும். 25 மணி நேரத்திற்கு ஒரு முறை கத்தியைத் தீட்டுவது பொது வழக்கம். ஆனால் செம்பனைத் தோட்டத்து ஓரங்களில், உதிர்ந்த பழமும் மட்டைத் துண்டும் சரளைக் கல்லும் கிடக்கும் இடத்தில் வெட்டுகிற உங்களுக்கு 25 மணி நேரம் என்பது நீண்ட காலம்.

சாவியை எடுத்து, பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்கிவைத்த பிறகே டெக்கின் அடியில் கை விட வேண்டும். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது.  வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே படுக்காதீர்கள், கட்டை கொடுங்கள்.

தீட்டும்போது கத்தியில் ஏற்கெனவே இருக்கும் சாய்வையே பின்பற்றுங்கள். சவரக் கத்திபோல் மெல்லியதாக்கினால் முதல் கல்லிலேயே மடங்கிவிடும். ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியின் விளிம்பு அளவுக்குக் கூர் இருந்தால் போதும். அரவைக் கல்லில் வைத்து நீலம் பாயும் வரை சூடாக்கினால் எஃகின் பதம் போய்விடும். பிறகு சுவரில் ஆணி அடித்து, நடு ஓட்டையில் கத்தியை மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சிறிது தேயுங்கள். எடை சமமில்லாத கத்தி அச்சின் பேரிங்கை அடித்து நொறுக்கும். கத்தியைவிட அந்த அச்சுதான் விலை கூடியது. வளைந்துபோன அல்லது கீறல் விட்ட கத்தியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மாட்டவே மாட்டாதீர்கள். கத்தி நுனி நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் வேகத்தில் சுழலும் பொருள். அது முறிந்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மாட்டும்போது, காற்றை இழுக்கும் வளைந்த பின்விளிம்பு மேல்நோக்கி, டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். தோட்டப் பட்டறையில் சேர்ந்த புதிதில் நான் இதைத் தலைகீழாக மாட்டி, அரை ஏக்கர் திடலை முழுவதும் சுற்றி வந்தேன். இயந்திரம் பெரும் இரைச்சலோடு வேலைசெய்தது. புல்லெல்லாம் எனக்கு வணக்கம் சொல்லிப் படுத்துவிட்டு, நான் போனதும் எழுந்து நின்றது. மண்டோர் (மேற்பார்வையாளர்) அன்று மாலைவரை சிரித்தார்.

கத்தியை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில்: பின்விளிம்பின் வளைவுக்கு அடியில் உலோகம் மணலால் தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் தீட்டினால் போதும்.

கேள்வி: என் வண்டி காலையில் உடனே கிளம்புகிறது. அரை மணி நேரம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் காத்திருந்தால் மறுபடியும் கிளம்புகிறது. பட்டறையில் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், கோலப்பிலா

பதில்: கார்புரேட்டரை வாங்குவதற்கு முன் ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வண்டி திணறத் தொடங்கும் அந்த நேரத்தில் பெட்ரோல் தொட்டியின் மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். உள்ளே காற்று இழுக்கும் ஓசை கேட்டு, இயந்திரம் தெளிந்து ஓடினால், மூடியில் இருக்கும் சிறு காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும்; வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. காத்திருக்கும் இருபது நிமிடத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் மறுபடியும் கிளம்புகிறது. மூடியைச் சுத்தம்செய்தால் போதும்.

அதில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் சூடு. இந்த இயந்திரங்களுக்குக் காரில் இருப்பதுபோல் ரேடியேட்டர் கிடையாது. மேலே சுழலும் விசிறி, சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகச் செதில்களின் ஊடே காற்றை ஊதித்தான் குளிரவைக்கிறது. வெட்டிய புல் தூள் மேல்வலையில் ஒட்டிக்கொள்கிறது, வலையைத் துடைத்துவிடுகிறோம். அதைத் தாண்டிப் போனது செதில்களுக்கு இடையில் மெத்தைபோல் அடைத்துக்கொள்கிறது. மேல்மூடியைக் கழற்றாமல் அது கண்ணுக்குத் தெரியாது. 100 மணி நேரத்திற்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டிய இடம் இது. லாலான் புல் பூத்துப் பஞ்சு பறக்கும் இடங்களில் வெட்டினால் இன்னும் விரைவில் பாருங்கள். ஒரு முறை திறந்தபோது உள்ளே எலிக்கூடு இருந்தது, குஞ்சுகளோடு.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று பாதி வேகத்தில் வைத்து வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டும்போது இயந்திர வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைநெம்பு முழு வேகத்தில்தான் இருக்க வேண்டும்; விசிறியும் அப்போதுதான் போதிய காற்றை ஊதும், கத்தியும் சரியான வேகத்தில் சுழலும். மெதுவாகப் போக வேண்டுமென்றால் சக்கரத்தின் வேகத்தைக் குறையுங்கள், இயந்திரத்தின் வேகத்தை அல்ல.

மூடியும் செதிலும் சரியாக இருந்தும் நின்றால், நின்ற உடனே, சூடு ஆறுவதற்கு முன், பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். இக்னிஷன் காயில் (பிளக்கின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சுருள்) சில வேளைகளில் சூட்டில் மட்டும் செயலிழப்பது உண்டு. ஆறிய பிறகு சோதித்தால் அது நல்ல பிள்ளையாகவே நடிக்கும்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒற்றை ஓசை மட்டும் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பகாவ்

பதில்: பெரும்பாலும் பேட்டரி. முதலில் முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடையுங்கள். கழற்றும்போது எதிர்மின் முனையை (கழித்தல் குறி உள்ளதை) முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இந்த வரிசையில் செய்தால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டாலும் பொறி பறக்காது. முழுச் சக்தியுள்ள 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் மின்னேற்ற வேண்டும். ஒரு ஓசையும் இல்லாமல் வண்டி மௌனமாக இருந்தால் மட்டும் இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்சையும் பிரேக் மிதியின் சுவிட்சையும் பாருங்கள். அவற்றைக் கம்பியால் இணைத்து ஏமாற்றும் வேலை வேண்டாம். ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து விழுந்தால் கத்தியை நிறுத்துவது அந்த இருக்கைச் சுவிட்ச்தான்.

கேள்வி: என் மகன் புல்வெட்டு வண்டியை ஒவ்வொரு முறையும் மோட்டார் சைக்கிள் கழுவும் அழுத்தக் குழாயால் பளபளவென்று கழுவுகிறான். ஆனால் ஆறு மாதத்திற்குள் கத்தி அச்சில் இரண்டாம் முறையாகச் சத்தம் வந்துவிட்டது. கழுவுவது நல்லதுதானே? வண்டியில் பேரப்பிள்ளையை மடியில் வைத்து ஓட்டுகிறான், அதையும் சொல்லுங்கள்.
– குடும்பத்தலைவி, பகாவ்

பதில்: அம்மா, டெக்கின் அடிப்பக்கத்தைச் சுத்தம்செய்வது மிகவும் நல்லது, ஈரப் புல் அப்பிக் கிடந்தால் தகடு துருப்பிடித்து ஓட்டை விழும், வெட்டிய புல்லும் வெளியேறாது. ஆனால் அதை மரச் சுரண்டியால் சுரண்டுவதே சிறந்தது. அழுத்தக் குழாயின் நீர், கத்தி அச்சின் பேரிங்குக்குள் கிரீஸைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. சத்தத்திற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. மேல்பக்கத்தை, இயந்திரம் ஆறிய பிறகு, உலர்ந்த தூரிகையாலும் துணியாலும் துடைத்தால் போதும். சூடான இயந்திரத்தில் குளிர்ந்த நீர் படவே கூடாது. அச்சில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை) இருந்தால் மாற்றிய பேரிங்குக்கு 25 மணி நேரத்திற்கு ஒரு முறை கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். நிப்பிள் இல்லாவிட்டால் அது மூடிய பேரிங். அதற்கு நீர் படாமல் இருப்பது ஒன்றே பராமரிப்பு.

மடியில் பிள்ளையை வைத்து ஓட்டவே கூடாது. கத்தி ஓடாத நேரத்தில்கூட வேண்டாம். ஒரு முறை ஏறிய பிள்ளை, அடுத்த முறை ஓசை கேட்டதும் ஏறுவதற்காக ஓடிவரும்; பின்னோக்கி வரும் வண்டியில் இருப்பவருக்கு அது தெரியாது. புல் வெட்டும் நேரத்தில் பிள்ளை வீட்டுக்குள், பெரியவர் ஒருவரின் பார்வையில் இருக்கட்டும். மகனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.